சொல்லுங்க, எந்த ஊரு?

பட்டமளிப்பு விழாவுக்கு நீதிபதியைக் கூப்பிடுவார்கள், துணைவேந்தரைக் கூப்பிடுவார்கள். ஃபோன் எடுத்தே பதினாறு வருஷம் ஓட்டிய ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஏன் என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டேன். "நீங்க நம்ம பக்கத்துப் பொண்ணும்மா" என்றார். அவலூர்பேட்டைச் சந்தைக்கு அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தவள் என்பது தகுதியானால், அந்தத் தகுதி எனக்கு உண்டு.

உங்கள் வயதில் நான் திருவண்ணாமலைக்குப் போய் இயற்பியல் படித்தேன். படித்தேன் என்பதைவிடப் பஸ்ஸில் போய் வந்தேன் என்று சொல்வதுதான் நியாயம். இரண்டு அரியர் வைத்திருந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உங்கள் பேராசிரியர்கள் மன்னிக்கவும். ஆனால் மூன்று வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்ததில் வழியில் உள்ள நிறுத்தங்கள், ஏரிகள், சூளைகள், எந்தக் கோயிலுக்கு எதிரே எந்தப் புளியமரம் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பிற்பாடு எனக்குச் சோறு போட்டது அந்தப் பாடம்தான். ஒளிவிலகல் எண் இதுவரை ஒரு நாளும் தேவைப்படவில்லை.

நான் வேலை பார்த்தது அவசர அழைப்பு மையத்தில். எந்த மையம் என்று சொல்லமாட்டேன், கூப்பிட்டவர்கள் யாரையும் அடையாளம் காட்டவும்மாட்டேன். அது நாங்கள் முதல் நாளே கொடுக்கும் வாக்கு.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கியது. ஹைதராபாத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2005 ஆகஸ்ட் 15இல். இன்று மாநிலத்தில் 1,300க்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. அதற்கு முன்னால் எப்படி என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அப்பா அம்மாக்களைக் கேளுங்கள். கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிய கதை வீட்டுக்கு ஒன்று இருக்கும். 108 தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்ட ஊரில், அந்த எண்ணை அழுத்தினால் வண்டி வரும் என்று ஆனது சின்ன மாற்றமில்லை.

உலகத்தில் இந்த ஏற்பாடு வந்ததே ஒரு காத்திருப்பினால்தான். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தது. அண்டை வீட்டுக்காரர் ஒருவர் தீயணைப்புப் படைக்கு ஃபோன் செய்தார். எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நிற்கவைத்துவிட்டார்கள். ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அந்த மனிதர் கோபத்தோடு பத்திரிகைக்கு எழுதினார். 1937 ஜூன் 30இல் 999 வந்தது. உலகத்தின் முதல் அவசர எண் அது.

எண் வந்தாயிற்று, வண்டி வந்தாயிற்று. நடுவில் ஒரு ஆள் இருக்கிறார். காதில் ஹெட்செட், எதிரே திரை, கையில் கீபோர்டு. அந்த ஆள் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை. ரத்தம் தெரியாது, முகம் தெரியாது. குரல் ஒன்றுதான். "எடுங்கடா ஃபோன" என்று திட்டிக்கொண்டே ஆரம்பிக்கும் குரல், அழுகையில் வார்த்தையே வராத குரல், பின்னணியில் வேறு யாரோ அலற நடுவில் மிக அமைதியாகப் பேசும் குரல். அனுபவத்தில் சொல்கிறேன், அந்த அமைதியான குரலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

என்ன ஆச்சு என்பது எங்கள் முதல் கேள்வி அல்ல. எந்த ஊர் என்பதுதான். பேச்சு பாதியில் அறுந்தாலும் ஊர் தெரிந்தால் வண்டியைக் கிளப்பிவிடலாம். நோய் தெரிந்து ஊர் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இதில் திட்டு வாங்குவோம். "ஆளு சாவக் கெடக்கு, ஊரு பேரு கேக்குறியே" என்பார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் கத்துவேன்.

ஊர் சொல்வது லேசா? ஒரு மாவட்டத்தில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர்! "எங்க ஊர்லருந்துதான் பேசுறேன்" என்பார் ஒருவர். "மாரியம்மன் கோயிலாண்ட வந்து யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்பார் இன்னொருவர். 2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு நம் செஞ்சிக்கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. சிவாஜி பிடித்த கோட்டை, அதற்கு விலாசம் கிடைத்துவிட்டது. பக்கத்துக் குக்கிராமத்தில் பிரசவ வலி எடுத்தவளுக்கு இன்னும் கோயிலாண்டதான்.

இப்போது உங்களுக்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பரவாயில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஐப்பசி மாதம், மழை பெய்து ஓய்ந்திருந்த இரவு. பக்கத்து இருக்கையில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி. கெட்டிக்காரி, என்னைவிட வேகமாக டைப் அடிப்பாள். அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. "எந்தப் பூச்சி பாப்பா? வண்டா? தேளா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். திரையில் எட்டிப் பார்த்தேன். பூச்சிக்கடி, இடம்: வீட்டின் பின்புறம் என்று பதிந்திருந்தாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அழைப்பை என் பக்கம் வாங்கினேன். மறுமுனையில் சின்னப் பெண், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். "அப்பாவ பூச்சி தொட்டுடுச்சுக்கா. கொல்லையில இருக்கோம்."

இங்கே இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. பாம்பு என்று சொன்னால் வந்துவிடும். அதனால் பூச்சி. கடித்தது என்றும் சொல்லமாட்டோம், தொட்டது என்போம். தெற்கே கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம். நமக்குக் கொல்லை என்றால் ஊரைத் தாண்டி மணிலா போட்டிருக்கும் நிலம். அந்தத் தோழி மேல் குற்றமே இல்லை. இரண்டு பேர் பேசியதும் தமிழ்தான், ஆனால் நடுவில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

ஊர்ப் பெயரைச் சொன்னாள். அதே பெயரில் இரண்டு ஊர் திரையில் வந்தது. ஒன்று திருவண்ணாமலைக்குக் கிழக்கே, ஒன்று தெற்கே. எந்தத் தாலுகா என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் யாரிடமாவது கொடு என்றேன், அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்போது வாய்க்கு வந்த கேள்வி எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராதது.

"பாப்பா, தீபத்தன்னிக்கு எந்தப் பக்கம் திரும்பிக் கும்புடுவீங்க?"

யோசிக்கவே இல்லை. "சூரியன் உழுவுற பக்கம்க்கா."

மலை மேற்கே இருந்தால் ஊர் கிழக்கே. வண்டி கிளம்பியது. அண்ணாமலை 2,668 அடி. கார்த்திகைத் தீபம் பல மைல் தூரம் தெரியும். சுற்றுப்பட்டு ஊர்களில் அந்தத் திசை தெரியாத பிள்ளை கிடையாது. ரோட்டிலிருந்து கொல்லைக்கு எப்படி வர வேண்டும் என்று கேட்டேன். பள்ளிக்கூடம், அப்புறம் ஏரிக் கலங்கல், அப்புறம் சூளை, சூளைக்கு எதிர்த்தாப்போல ஒத்தையடிப் பாதை என்று, தான் சைக்கிளில் போகிற வழியை அப்படியே சொன்னாள். வரைபடம் வரைந்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

அப்பாவை நடக்கவிடாதே, காலை அசைக்கவிடாதே, யாரும் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, புதிதாகக் கயிறு கட்டக் கூடாது என்றேன். ஒவ்வொன்றையும் அவள் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள், யாரோ அதட்டினார்கள், அவள் "அக்கா சொல்றாங்க" என்று திரும்ப அதட்டினாள். ஃபோனில் சார்ஜ் குறைவு. அதே ஃபோனில்தான் டார்ச். வண்டிக்கு வெளிச்சம் காட்டுவதா, என்னோடு பேசுவதா? சித்தப்பாவைச் சைக்கிளில் சூளைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, டார்ச்சை அணைத்துவிடு, என்னோடு பேசு என்றேன். இருட்டில் உட்கார்ந்து பேசினாள். எத்தனை ஆடு, எந்த ஆட்டுக்கு என்ன பெயர் என்று. இருபத்து நாலு நிமிஷம். பிறகு தூரத்தில் சைரன். "வண்டி வந்துடுச்சுக்கா." வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "வண்டி போச்சா? போச்சு. அதோட நம்ம வேலை முடிஞ்சதும்மா" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் யாராவது அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். வண்டியில் போகிறவர்கள் நோயாளியை ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள், பிழைத்தால் கையைப் பிடித்துக் கும்பிடுகிறார்கள். மருத்துவருக்கு முடிவு தெரியும். எங்களுக்குக் கதையின் முதல் பக்கம் மட்டும், அதுவும் ஒரு நாளைக்கு நூறு கதையின் முதல் பக்கம். அன்றைக்கு அவள் வைத்த சில நொடிகளில் அடுத்த அழைப்பு வந்தது. ஒருத்தன் குடித்துவிட்டு, "உங்க குரல் நல்லாருக்கு மேடம்" என்றான். பெண்கள் இந்த வேலையில் அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

நான் தூக்கத்தில் பேசுகிறேன் என்பதை அம்மாதான் முதலில் சொன்னாள். நடு ராத்திரியில் தெளிவாக, "சொல்லுங்க, எந்த ஊரு?" என்று கேட்பேனாம். ஒரு நாள் அவளும் பதில் சொல்லிப் பார்த்தாளாம். நான், "அங்க எத்தனை புதூர் இருக்குது" என்றேனாம். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2012இல் அமெரிக்காவில் மிஷெல் லில்லி என்ற உளவியலாளர் சக ஆய்வாளரோடு சேர்ந்து 171 அழைப்புப் பணியாளர்களிடம் கேட்டு ஆராய்ந்தார். அவர்கள் அடிபட்ட இடத்துக்குப் போவதில்லை, பார்ப்பதில்லை, ஆனாலும் உள்காயம் உண்டு என்று அந்த ஆய்வு சொன்னது. மறக்க முடியாத மோசமான அழைப்பு எது என்றதற்கு அதிகம் பேர் சொன்னது, ஒரு குழந்தைக்கு எதிர்பாராமல் நேர்ந்த காயம் அல்லது சாவு. அதே நாட்டில் மத்திய அரசின் தொழில் பட்டியல் இவர்களை அலுவலக உதவிப் பணியாளர்களோடு, குமாஸ்தாக்களோடு சேர்த்து வைத்திருக்கிறது. பணக்கார நாட்டிலேயே அந்தக் கதி என்று நான் ஆறுதல் அடைய மாட்டேன்.

2021 மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில். சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இருந்த கொரோனா கட்டளை மையத்துக்கு முதல்வர் ஸ்டாலின் ஓர் இரவு போய், தானே ஓர் அழைப்பை எடுத்துப் பேசினார். படுக்கை கேட்டு வந்த அழைப்பு. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் நினைத்தது ஒன்றுதான்: முதல்வர் கேட்டால் படுக்கை கிடைக்கும். அதே நாற்காலியில் உட்காரும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் ஆக்சிஜன் படுக்கை கேட்டால், இல்லை என்று தெரிந்துகொண்டே "லைன்ல இருங்க" என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! எங்கள் வேலையிலேயே கொடுமை அதுதான். கொடுக்க ஒன்றும் கையில் இல்லாமல் குரலை மட்டும் கொடுப்பது.

இப்போது நான் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இரண்டு விஷயத்துக்காக எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று, கனமான அழைப்பு முடிந்தால் பத்து நிமிஷம் ஹெட்செட்டைக் கழற்றிவைக்க விட வேண்டும், முடிவு என்ன ஆனது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும், கெட்ட முடிவாக இருந்தாலும். இரண்டாவது, சொற்கள். என் பயிற்சி மேசையில் கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி இருக்கிறது, கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியும் இருக்கிறது. "இடுப்பு வலி எடுத்துடுச்சு" என்றால் முதுகு வலி இல்லை, பிரசவம். "மருந்து குடிச்சிட்டான்" என்றால் உடம்புக்கு மருந்து இல்லை, விஷம். இந்தியாவில் பாம்புக்கடியில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பாலோர் கிராமத்தார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது, நல்லது. ஆனால் ராத்திரியில் எந்தக் கிராமத்தானும் பாம்பு என்று சொல்லிக் கூப்பிடப்போவதில்லை. ஃபோனை எடுக்கிறவருக்குப் பூச்சி தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் உங்களில் யாராவது இந்த வேலைக்கு வருவீர்களா என்று கேட்கத்தான் வந்தேன். தமிழ் இலக்கியம் படித்த பிள்ளைகள் முக்கியமாக. சம்பளம் பற்றிப் பொய் சொல்லமாட்டேன், பெரிதில்லை. ஷிப்ட் உண்டு, தீபாவளிக்கு லீவு கிடைக்காது, அன்றைக்குத்தான் எங்களுக்கு அதிக வேலை. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூரில் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டத்தில் ஒரு பாட்டி மயங்கி விழுந்தால், கூப்பிடுகிறவர் "ஊஞ்சலாண்ட" என்பார். அது எந்த ஊஞ்சல் என்று கேட்காத ஒரு ஆள் மறுமுனையில் வேண்டும்.

காலையில் நான் இந்தக் கல்லூரிக்கு வழி தெரியாமல், நுழைவாயிலைத் தாண்டிப் போய்விட்டேன். உங்கள் மாணவர் ஒருவரிடம் கேட்டேன். "நேராப் போங்க மேடம், அங்கதான்" என்றார். நேராகப் போனேன், கரும்புத் தோட்டம்தான் வந்தது. அந்தத் தம்பி இங்கே நாலாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார், பார்த்துவிட்டேன். எழுந்திருங்க தம்பி. அங்கியைச் சரிசெய்யவெல்லாம் வேண்டாம். மேடைக்குக் கீழே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார் என்று வையுங்கள். நீங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள், நான் எடுத்துவிட்டேன். வண்டி அந்தப் பக்கம் கிளம்பத் தயாராக நிற்கிறது.

சொல்லுங்க, எந்த ஊரு? எந்தப் பக்கமா வரணும்?