சிலிண்டருக்குள் தளும்புவது என்ன?



நம் காட்கோபரிலிருந்து செம்பூரைத் தாண்டிப் போனால் மாஹுல் வரும். அங்கே 1955-இல் பர்மா ஷெல் கம்பெனி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியது. 1976-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது பாரத் பெட்ரோலியம். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது கிடைக்கும் பொருள்களில் ஒன்றுதான் நம் சமையல் கேஸ்.

சிலிண்டரை லேசாக அசைத்துப் பாருங்கள். உள்ளே தளும்புகிறது அல்லவா? காற்றுப் போன்ற கேஸ் தளும்புமா? தளும்பாது. உள்ளே இருப்பது 14.2 கிலோ திரவம். குழாயில் வரும்போதுதான் அது கேஸ்.

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளால் ஆனவை. ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைத் தன் பக்கம் இழுக்கும். தண்ணீரில் இந்த இழுப்பு பலமானது. காந்தத்தின் இரு முனைகள் போலத் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அதைக் கொதிக்க வைக்க 100 டிகிரி சூடு வேண்டும். கேஸில் உள்ள பியூட்டேன் மூலக்கூறு தண்ணீர் மூலக்கூறைவிட மூன்று மடங்கு கனம். ஆனாலும் தண்ணீர் உறைகிற குளிரிலேயே அது ஆவியாகிவிடும். இழுப்பு அவ்வளவு மெலிவு.

மெலிவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. மூலக்கூறுகளை அழுத்தி நெருங்க வைத்தால் அந்தச் சிறு இழுப்பே போதும், திரவமாகிவிடும். கேஸுக்குள்ளும் இப்படி ஓர் இழுப்பு உண்டு என்று 1873-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆலந்து நாட்டு வான் டெர் வால்ஸ். தச்சர் மகன், பள்ளிக்கூட வாத்தியார். 1910-இல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? சிலிண்டரைப் படுக்க வைத்தால் கேஸ் வரும் வழியில் திரவமே வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் கேஸாக விரியும். நம் பத்துக்குப் பத்து ரூமில் அதை நினைத்துப் பாருங்கள். தீரப்போகிற சிலிண்டரை நெருப்பின் அருகில் வைத்துச் சூடாக்குவது இன்னும் மோசம். அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது. தரையில் பரவும், மோரி வழியாகப் பக்கத்து ரூமுக்கும் போகும். அசல்பா மாதிரி மேட்டுப் பகுதியில் கீழ் வரிசை வீடுகளுக்கே இறங்கும். தரையில் படுத்திருக்கும் பிள்ளைகளை முதலில் வெளியே தூக்குங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவைத் திறந்துவிடுங்கள். லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

ரப்பர் குழாயைச் சோதிக்கத் தீக்குச்சி கூடாது. சோப்புத் தண்ணீர் தடவுங்கள். தண்ணீர் மூலக்கூறுகளின் இழுப்பைச் சோப்பு தளர்த்திவிடும். அதனால் தண்ணீர் மெல்லிய தோலாக விரியும். கேஸ் கசிகிற இடத்தில் குமிழி ஊதி நிற்கும்.