தலைவர் லீவில் இருக்கும்போது தெரியும் தலைமை
(புனேயில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் ஸ்தாபனங்களில் திறமையான தலைவர் யார்?" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. நான் கம்பெனி நடத்தியவன் அல்ல. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, 1972-ல் மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்து, 38 வருஷம் ஃபைல்களோடு குடித்தனம் நடத்தியவன். எம்.பி.ஏ. படித்தவர்களும், பெரிய கம்பெனிகளில் நூறு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் என்ன சொல்லிவிட முடியும்?

பிறகு யோசித்துப் பார்த்தேன். 1976-ல் மாற்றலாகி வந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். பென்ஷன்காரர்களின் ஊர் என்று சொல்லப்பட்ட புனே, தொழில் நகரமாக வளர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதைத் தவிர, தலைமை எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு என்னிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிர்வாகவியல் புத்தகங்களைப் புரட்டினால் தலைவருக்கு வேண்டிய குணங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். தொலைநோக்கு, துணிவு, பேச்சுத் திறமை, சட்டென்று முடிவெடுக்கும் ஆற்றல், நேர்மை. எல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இவை அத்தனையும் இருந்தும் கோட்டை விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு பரீட்சை வைப்போம். அந்தத் தலைவர் ஒரு மாதம் லீவில் போனால் வேலை நடக்கிறதா? அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நடக்கிறதா? இந்தப் பரீட்சையில் தேறிய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பழைய பம்பாய்–புனே சாலையில் போனால் இந்த ஊரின் தொழில் சரித்திரம் முழுக்க வரிசையாக வரும். கட்கியில் 1946-ல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ், பிம்ப்ரியில் 1954-ல் வந்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், ஆகுர்டியில் பஜாஜ். அதே பிம்ப்ரியில்தான் டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ். அந்தத் தொழிற்சாலையை உருவாக்கியவர் ஸுமந்த் மூல்காவ்கர்.

அவர் 1906-ல் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் என்ஜினீயரிங் படித்தவர். சிமெண்ட் தொழிலில் பல வருஷம் இருந்துவிட்டு 1949-ல் டெல்கோவுக்கு வந்தார். அப்போது டெல்கோ ஜாம்ஷெட்பூரில் ரயில் என்ஜின் செய்துகொண்டிருந்தது. 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியோடு 15 வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி செய்ய ஆரம்பித்தார்கள். என் வயதுக்காரர்களுக்கு முகப்பில் நட்சத்திரம் பொறித்த அந்த டாடா-மெர்சிடிஸ் லாரிகள் ஞாபகம் இருக்கும்.

ஒப்பந்தம் 1969-ல் முடிய வேண்டும். சாதாரண மேலாளராக இருந்தால் 1968-ல் விழித்துக்கொண்டு, "இன்னும் ஐந்து வருஷம் நீட்டித்துக் கொடுங்கள்" என்று ஜெர்மனிக்குக் கடிதம் எழுதியிருப்பார். இங்கே நடந்தது வேறு. ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று வருஷம் முன்பே, 1966-ல், புனேயில் ஆராய்ச்சி மையம் ஆரம்பமாயிற்று. "இனி நாமே டிசைன் செய்ய வேண்டும், அதற்கு ஆட்கள் வேண்டும்" என்ற முன்யோசனை. 1969-ல் நட்சத்திரம் போயிற்று, லாரி நிற்கவில்லை.

இதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது புனே தொழிற்சாலையைக் கட்டிய முறை. அந்த நிலம் அப்போது பொட்டல். மூல்காவ்கர் அங்கே மரங்கள் நடச் செய்தார், ஓர் ஏரியை உண்டாக்கினார். அதற்கு இன்று அவர் பெயர்தான். லாரி செய்யும் பிரிவுக்கு முன்னால் ஆட்களைப் பழக்கும் பயிற்சிப் பிரிவையும், மெஷின் டூல், டை போன்ற கருவிகளைத் தாங்களே செய்துகொள்ளும் பிரிவையும் ஏற்படுத்தினார். புனேயிலிருந்து முதல் லாரி வெளிவந்தது 1977-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1966-லிருந்து 11 வருஷம்!

அந்தக் காலத்தில் ஒரு மெஷினை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி அனுமதி வேண்டும். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் ஒரே நாளில் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்குப் போயிற்று. வெளிநாட்டு மெஷினை நம்பிக்கொண்டிருந்தவர்கள் தவித்தார்கள். மெஷின் செய்யத் தெரிந்த ஆட்களைத் தயார் செய்தவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. மெஷின் பழசாகும், மனிதனின் கைத்திறன் வருஷத்துக்கு வருஷம் கூடும் என்பதை உணர்ந்து செய்த காரியம் இது.

பலன் எப்போது தெரிந்தது? 1980-களில் ஜப்பானியக் கூட்டோடு நான்கு கம்பெனிகள் சிறிய லாரி செய்ய வந்தன. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், ஸ்வராஜ் மஸ்டா, ஐஷர் மிட்ஸுபிஷி. டெல்கோவின் கதை முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். 1986-ல் டெல்கோ தன் சொந்த டிசைனில் 407 என்ற வண்டியை இறக்கியது. சந்தை அதன் பக்கம் சாய்ந்தது. ஜப்பானியப் பெயர்களில் சில பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் மறைந்துவிட்டன. 407 என்ற எண்ணோ நம் ஊர்க் காய்கறி மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். மூல்காவ்கர் 1988-ல் தலைவர் பதவியிலிருந்து விலகினார், 1989-ல் காலமானார். 1994-ல் வந்த ஸூமோ வண்டிக்கு அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். ஸூமோவும் 2019-ல் நின்றுவிட்டது. அவர் தயார் செய்த மனிதர்களும், அவர்கள் தயார் செய்த மனிதர்களும்தான் உண்மையான ஞாபகச் சின்னம்.

அதே டெல்கோவில் இன்னொரு சம்பவம். 1974-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், டெல்கோவின் விளம்பரத்தில் "பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று இருந்ததைப் பார்த்துக் கோபத்தில் ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டார். பதிலாக வந்தது புனேயில் இன்டர்வியூவுக்கு அழைப்பு. அவர்தான் பின்னாளில் ஸுதா மூர்த்தி என்று உலகம் அறிந்தவர். டெல்கோவின் முதல் பெண் என்ஜினீயர். 1981-ல் இதே புனேயில் இன்ஃபோஸிஸ் பிறந்தபோது, அதற்கு அவர் சேமிப்பிலிருந்து கொடுத்த பத்தாயிரம் ரூபாய்தான் முதல். குற்றம் சொல்லி வந்த கார்டைக் குப்பைத் தொட்டியில் போடாமல், "இவள் சொல்வது சரிதானே" என்று விதியை மாற்றச் சம்மதிப்பதும் தலைமைதான்.

ஒருபக்கமாகவே பேசக் கூடாது. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய தொழிற்சாலையிலும் 1989-ல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அந்த செப்டம்பரில் தொழிலாளர்கள் சனிவார்வாடா முன் உண்ணாவிரதம் இருந்ததையும், போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியதையும் இந்த ஊர்ப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரத்தன் டாடா தலைவராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. முந்தைய தலைவர் சேர்த்து வைத்த நல்ல பெயர் வங்கியில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி தானாக வளர்வதில்லை. கீழே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதை ஒவ்வொரு தலைவரும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி என் கதை. 1990-களில் ஓர் அலுவலகத்துக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். என் டிராஃப்டிங் நன்றாக இருக்கும் என்று பெயர். அந்தப் பெயரே எனக்கு எமனாயிற்று. கீழிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் சிவப்பு மையால் திருத்துவேன். கமாவைக்கூட விடமாட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு ஃபைல் கட்டோடு வீட்டுக்கு வருவேன். என் ஆத்துக்காரி ஒரு நாள் கேட்டாள்: "ஆபீஸை நீங்க தூக்கிண்டு நிக்கறேளா, இல்லை மத்தவாளை நிக்க விடாம பண்றேளா?" எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு எனக்கு பைபாஸ் ஆபரேஷன். ஆறு வாரம் லீவு. திரும்பிப் போனால் என் மேஜையில் மலை மாதிரி ஃபைல்கள். சாதாரண நினைவூட்டல் கடிதம்கூடப் போகவில்லை. ஓய்வூதியம் தொடர்பான ஒரு ஃபைல் அதில் இருந்தது. ஒரு விதவை அம்மாள் நாலு தடவை வந்து நடந்திருக்கிறார். என் கீழ் இருந்த மராத்தி இளைஞரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். கெட்டிக்காரப் பையன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஸார், நான் எது எழுதினாலும் நீங்கள் மாற்றிவிடுவீர்கள். அதனால் யோசிப்பதையே நிறுத்தி ரொம்ப நாளாயிற்று."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாளின் நாலு நடைக்கும் காரணம் சோம்பேறி குமாஸ்தா அல்ல, கெட்டிக்கார அதிகாரி என்று பெயர் வாங்கிய நான்தான். மறுநாள் அந்த ஃபைலை முடித்தேன். ஒரு வகைக் கடிதங்கள் முழுவதையும் அந்த இளைஞரிடம் ஒப்படைத்தேன். முதல் மாதம் இரண்டு தப்பு செய்தார். கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது மாதம் அவருடைய கடிதங்கள் என்னுடையதைவிடச் சுருக்கமாக இருந்தன. ஆனால் நான் அந்தப் பாடம் கற்றபோது உத்தியோகத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. அதற்கு முன் எத்தனை பேருடைய யோசனையை மையால் அடித்தேனோ, கணக்கில்லை.

கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் ஓர் உவமை சொல்லி முடிக்கிறேன். வினையூக்கி என்று ஒன்று உண்டு. அது தான் மாறாமல், ரசாயன மாற்றத்தை வேகப்படுத்தும். எப்படி? பொருள்கள் மாறுவதற்குத் தாண்ட வேண்டிய மேட்டைத் தணித்துவிடுகிறது. மாறுகிற சக்தி அந்தப் பொருள்களுக்கே உண்டு, வினையூக்கி அதை உண்டாக்குவதில்லை. தலைவர் வேலையும் அவ்வளவுதான். நானோ மேட்டை உயர்த்திக்கொண்டே போனேன். வள்ளுவர் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று. ஆளை ஆராய்ந்து தேர்ந்தெடு, பிறகு நம்பி வேலையை அவனிடம் விடு. நம்மில் பலர் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறோம்.

இங்குள்ள இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை ஆபீஸ் போனதும், உங்களிடம் இருக்கும் வேலைகளில் ஒன்றை, தப்பு செய்யும் உரிமையோடு சேர்த்து, ஒருவரிடம் முழுதாகக் கொடுத்துப் பாருங்கள். என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக் கணக்கானாலும் சரி, சங்கத்துக் கணக்கானாலும் சரி, நோட்டுப் புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். எனக்கு அது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.