பாடநூலும் மாணவரும்

(வெள்ளறடை நூலகக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



கல்லூரி மாணவர்கள் பாடத்திட்டம் விதித்த நூல்களைப் படிப்பதில்லை என்ற குறை எங்கும் ஒலிக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் கையேடு வாங்கி, பழைய வினாத்தாள்களுக்கு விடை தேடி, மூலநூலைத் திறவாமலே பட்டம் பெறுவோர் உண்டு. ஆனால், இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுவது சரியான ஆய்வாகாது.

வெள்ளறடையில் விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளியின் பிள்ளை, காலையில் பேருந்தேறிக் கல்லூரிக்குப் போகிறார். ஒரு நூலின் விலை வீட்டின் சில நாள் கூலியை விழுங்குகிறது. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், நூலில் ஆங்கிலம் என மூன்று படி ஏற வேண்டியவர்களும் இந்த எல்லையோரத்தில் உள்ளனர். பருவத்தேர்வு முறையோ, குறிப்புகளை மனப்பாடம் செய்தாலே போதும் என்று கற்பிக்கிறது.

நூல் கைக்கு எட்டுமானால் மாணவர்கள் அதற்காகப் போராடவும் செய்வர். பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்ததற்காக, 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் அமைப்பாகத் திரண்டு வழக்கில் இணைந்தனர். 2016 செப்டம்பர் 16-இல் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் விசாரணைக்கு மீண்டும் வழி திறந்தபோதும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கும் உரிமை நிலைத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன.

எல்லைக்கு அப்பால் நடந்ததையும் மறக்கலாகாது. 2020 நவம்பரில், ஏபிவிபியின் எதிர்ப்புக்குப் பின், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அருந்ததி ராயின் நூலொன்றை முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. கையேட்டை மட்டும் படிக்கும் மாணவர், தம்மிடமிருந்து பறிக்கப்பட்டது எது என்பதையே அறியமாட்டார். அறியாததற்காக எவ்வாறு போராடுவார்?

நெய்யாற்றின்கரையில் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை, 1910-இல் திருவிதாங்கூரிலிருந்து நாடுகடத்தப்பட்டவர். 1912-இல் அவர் மலையாளத்தில் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். எந்தப் பாடத்திட்டமும் அவரை அதற்கு ஏவவில்லை. 1945-இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒருங்கிணைத்துத் தொடங்கிய இயக்கம், பின்னர் கேரளத்தின் சிற்றூர்கள்தோறும் நூலகத்தைக் கொண்டு சேர்த்தது.

அந்த நூலகங்களில் பல்கலைக்கழகப் பாடநூல்களும் இடம்பெற வேண்டும். எல்லையோர நூலகங்கள் தமிழ் நூல்களையும் வாங்க வேண்டும். மாலைதோறும் பத்துப் பக்கமேனும் கூடிப் படித்து விவாதிக்கும் வட்டங்களை மாணவர் அமைப்புகள் தொடங்க வேண்டும். மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வுமுறையை மாற்றக் கோரும் போராட்டமும் இதனோடு இணைந்து நடைபெற வேண்டும்.