வரிவிலக்கு உழுபவனைச் சேரவேண்டும்

(கமக்காரர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



காணிக்கு வரி விதிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விளைச்சல் பொய்த்த வயலிடமும் வரி கேட்பது நீதியாகுமா? இவ்வினாவுக்கு இந்நாட்டுச் சரித்திரமே விடை கூறுகின்றது.

பிரித்தானியர் ஆட்சியில் அறவிடப்பட்ட நெல்வரியை, 1878 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பணமாகச் செலுத்தவேண்டிய வரியாக்கிற்று. கையிலே காசில்லாதவனின் வயல் ஏலத்துக்கு வந்தது. 1880களில் வலப்பனையில் வயலிழந்த குடும்பங்கள் பட்டினியால் மாண்ட கொடுமையை அரச அதிகாரியான லெ மெசூரியரே வெளிப்படுத்தினார். 1892 இல், தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், அவ்வரி ஒழிந்தது.

அத்தோடு துயர் தீர்ந்ததா? இல்லை. வரி நீங்கிற்று, வாரம் நீங்கவில்லை. வாரத்துக்கு உழுதவன் வயற்சொந்தக்காரனுக்கு அளக்கும் நெல்லுக்கு நெற்காணிச் சட்டம் எல்லை வகுத்தது 1958 இலேதான். இடையே கழிந்தவை 66 ஆண்டுகள்!

இங்கிலாந்தின் அனுபவமும் இதுவே. விவசாய நிலத்தின் உள்ளூர் வரியை 1896 ஆம் ஆண்டுச் சட்டம் பாதியாக்கியபோது, இச்சலுகை நிலப்பிரபுக்களையே சென்றடையும் என்று லொயிட் ஜோர்ஜ் பாராளுமன்றத்தில் போராடினார். 1929 இல் முழுவிலக்கே கிடைத்தது. ஆயினும் அவர் எழுப்பிய வினா இன்றும் உயிரோடிருக்கின்றது: வரி குறைந்தவுடன் குத்தகை கூடுமாயின், விலக்கு யாருக்கு?

நாடு முழுவதற்கும் ஆதனவரி விதிக்கும் உறுதிமொழி, 2023 இல் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டில் இடம்பெற்றது. எவ்வடிவில் எச்சட்டம் வரினும், நாம் கேட்கவேண்டியவை மூன்று.

முதலாவது, விலக்குக்கு அளவுகோல் காணியின் பயன்பாடே. பக்கத்து வளவின் விலையன்று. தோட்டக்கிணறும் நெற்களஞ்சியமும் மாட்டுக்கொட்டிலும் கமத்தின் அங்கங்களே.

இரண்டாவது, குத்தகைக் காணியாயின் விலக்கின் பயன் உழுபவனைச் சேரவேண்டும். விலக்குப் பெற்ற காணியின் குத்தகையை உயர்த்துவதைச் சட்டம் தடுக்கவேண்டும்.

மூன்றாவது நம் நெஞ்சைத் தொடுவது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட கமக்காரர் பலர், பல்லாண்டுகளாகத் தம் செம்மண் தோட்டங்களில் கால்வைக்க முடியாதிருந்தனர். உறுதி அவர்கள் கையில். காணியோ முட்கம்பிக்கு அப்பால். அத்தகைய காணியைப் 'பயிரிடாத தரிசு' என்று பதிந்து விலக்கை மறுப்பது, அடித்தவனே அழுதவனுக்குத் தண்டம் விதிப்பதாகும். தடுக்கப்பட்ட காணியும் பயிரிட்ட காணியாகவே கொள்ளப்படல் வேண்டும்.

அன்பர்களே! சலுகைக்காகக் கையேந்தி நிற்கவில்லை நாம். சட்டம் எழுதப்படும் முன்னரே ஊர்தோறும் கூடி, இம்மூன்றையும் தீர்மானமாக்கி, உங்கள் பிரதிநிதிகளின் கையில் கொடுங்கள். எழுதி முடிந்த சட்டத்தைத் திருத்துவது, ஏலம்போன வயலை மீட்பதற்கு ஒப்பாகும்.