திரையரங்குகளும் மாற்றுத்திறனாளிகளும்
(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 50 இலட்சம். செவித்திறன் குறைபாடு உடையோரும் ஏறத்தாழ அதே அளவினர். பெரும்பாலான திரைப்படங்கள் இவர்களை முழுமையாகச் சென்றடைவதில்லை. இழப்பு இவர்களோடு நிற்பதுமில்லை. செவித்திறனற்ற மகளுக்குக் கதை விளங்காது எனில், பெற்றோரும் அனுமதிச் சீட்டு வாங்குவதில்லை. எந்த வசூல் கணக்கிலும் இது பதிவாவதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. 2024 மார்ச்சில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. செவித்திறன் குறைந்தோருக்கு எழுத்து வரிகளும், பார்வையற்றோருக்கு ஒலி விளக்கமும் வேண்டுமென அவை கூறுகின்றன. எழுத்து வரிகள் என்பது வசனம் மட்டுமன்று. கதவு தட்டப்படும் ஓசையும் அதில் இடம்பெற வேண்டும். ஒலி விளக்கமோ, வசனம் இல்லாத இடைவெளிகளில் காட்சியைச் சொல்லும் குரல். காதொலிப்பானில் கேட்பதால் அருகிலிருப்போருக்கு இடையூறில்லை. ஒருமுறை பதிவு செய்துவிட்டால், ஒருவர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் பதிவுச் செலவு ஒன்றே. பொருளியல் பயின்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டடத்தின் நிலை வேறு. சாய்தளம் அமைத்துவிட்டு, சக்கர நாற்காலிக்கு முதல் வரிசையில் இடம் ஒதுக்குவது அரைகுறை ஏற்பாடு. மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்ப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்!

உரிமம் புதுப்பிக்கும்போது தீயணைப்புச் சாதனங்களைச் சோதிக்கிறோம். அன்றே காதொலிப்பான் ஒன்றையும் கேட்டு வாங்கி, காதில் வைத்துப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும் என்பது என் கருத்து.