இரத்தினபுரி: ஆறும் கல்லும் குன்றும்

சப்ரகமுவ மாகாணத்தின் தலைநகராகிய இரத்தினபுரி, களு கங்கைக் கரையிலே மலைகள் சூழ அமைந்த நகரம். சிவனொளிபாத மலைப் பகுதியில் உற்பத்தியாகும் அவ்வாறு, பெருமழைக் காலத்தில் கரை கடந்து கடைவீதிக்குள்ளும் புகுந்துவிடும். ஆற்றுப் படுகையிலும் வயல்களிலும் குழி தோண்டி, பரல்மண்ணை நீரில் அலசி, மாணிக்கமும் நீலமும் எடுக்கிறார்கள். நகரின் பெயருக்குக் காரணமும் அதுவே.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் இங்குள்ள சமன் தேவாலயத்தை அழித்தனர். வீழ்ந்த சிங்கள வீரனைப் போர்த்துக்கேய வீரன் மிதித்து நிற்கும் கற்சிற்பம், மீண்டும் எழுந்த அத்தேவாலயத்திலேயே உள்ளது. வென்றவர் தம் பெருமைக்கெனச் செதுக்கிய கல், இன்று அவர் செய்த அழிவுக்குச் சாட்சி கூறுகிறது.

1815இல் கண்டி இராச்சியத்தோடு இப்பகுதியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1889இல் சப்ரகமுவ தனி மாகாணமாயிற்று. குன்றுகள்தோறும் தேயிலையும் இறப்பரும் பரவின. 1912இல் குறுகிய இருப்புப்பாதையில் புகையிரதம் இரத்தினபுரியை எட்டியது. 1976இல் அச்சேவை நின்றது.

அக்குன்றுகளில் உழைத்தோருட் பலர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். இலங்கையெங்கும் இத்தகைய தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தம் 1964இல் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இல் வந்தது. இடையில் 55 ஆண்டுகள் கழிந்தன.

போர்த்துக்கேயர் செயலுக்குக் கல் சாட்சி. தோட்டத்து மக்களின் உழைப்புக்கு அவர்கள் வெட்டிய மலைப்பாதையும் நட்ட செடியுமே சாட்சி. இரத்தினபுரியின் வரலாற்றை எழுதுவோர் அச்சாட்சியையும் கேட்டு எழுதுதல் வேண்டும்.