நொடித்துப்போன வணிகருக்கு அவகாசம்



யானைக்கவுனியிலும் வால்டாக்ஸ் சாலையிலும் கடை நடத்துவோர் இங்கே பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். சரக்கைக் கடனுக்கு எடுத்து, கடனுக்கே விற்று, பாக்கி வசூலாகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் வாழ்க்கை உங்களுடையது. ஒரு பெரிய பாக்கி முடங்கினால் நேர்மையாளரும் விழுந்துவிடுகிறார். உடனே, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று ஊர் ஏசுகிறது. முன்வரிசையில் தொழுதுவந்த ஒருவர், கடன் கொடுத்தவரின் கண்ணில் படாதிருக்க வேறு பள்ளிவாசலுக்குப் போய்விட்டதை நான் அறிவேன்.

அந்தக் கடுதாசி எந்தச் சட்டத்தின்படி கொடுக்கப்படுகிறது? 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. எண்ணற்றோரின் சேமிப்பு அதனோடு போயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 1909-இல், சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கான திவால் சட்டம் இயற்றப்பட்டது. திவாலானவரின் சொத்து உயர் நீதிமன்றத்தின் அஃபிஷியல் அசைனி வசம் போகும். தொழிற்கருவி, உடை, படுக்கை, சமையல் பாத்திரம் போன்றவற்றை மட்டும் அவர் வைத்துக்கொள்ளலாம். அவற்றின் மொத்த மதிப்புக்கு அன்று எழுதப்பட்ட வரம்பு 300 ரூபாய்! இன்று ஒரு நல்ல குக்கர்கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்குக் காலவரையறையுள்ள வழி கிடைத்தது. 2021-இல் சிறு, குறு கம்பெனிகளுக்கு இன்னும் எளிய முறை சேர்க்கப்பட்டது. ஆனால் தனிநபருக்கும் கூட்டு வணிகத்திற்கும் உரிய பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. கல்லாவில் தாமே அமரும் சிறுவணிகர் பழைய சட்டத்திலேயே விடப்பட்டார். ஏழைக் கடனாளிக்கென அப்பகுதியில் எழுதப்பட்ட சலுகையும் கடன் 35,000 ரூபாயைத் தாண்டாதவருக்கே. எந்த மொத்த வியாபாரியின் கடன் அதற்குள் அடங்கும்? அப்பகுதியை முழுமையாக நடைமுறைப்படுத்தி, தொகைகளை இக்காலத்திற்கேற்ப உயர்த்துமாறு வணிகர் சங்கங்கள் கேட்க வேண்டும்.

கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், தள்ளுபடி செய்வது இன்னும் மேலானது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் பணிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில், வாங்கிய கனிகளில் நட்டமடைந்து ஒருவர் பெருங்கடனில் வீழ்ந்தார். அவருக்குத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் மக்களிடம் கூறினார்கள். சேர்ந்தது கடனுக்குப் போதவில்லை. அப்போது கடன்காரர்களை நோக்கி, இருப்பதைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்குமேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தார்கள். இச்செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது.

இதைக் கேட்டு யாரும் தந்திரம் செய்ய எண்ண வேண்டாம். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்றார்கள் நபியவர்கள். கடையை மனைவி பேருக்கு இனாமாக எழுதிவிட்டு இரண்டாண்டுக்குள் திவாலானால், அந்த மாற்றம் அஃபிஷியல் அசைனியிடம் செல்லாது என்று 1909 சட்டமே கூறுகிறது.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர். நம் ஜமாஅத்தின் ஜகாத் பட்டியலில் அரிசியும் கல்யாண உதவியும் இருக்கின்றன. நொடித்த வணிகர் ஒருவரும் இல்லை. கேட்பதற்கு அவர் கூசுவார். ஆகவே, தொழுகைக்குப்பின், அப்படி ஒருவரை அறிந்தவர்கள் அவர் பெயரை என்னிடம் மட்டும் தனியே சொல்லுங்கள்.